உவர்க் கிணற்று வளவு

கிணற்றின் அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி வைரவன் குரல் கொடுத்தான். மேலே செல்லி துலாக்கயிற்றை இழுத்தாள். கல் நிறைந்த பனையோலைக் கடகம் சுவரில் முட்டி முட்டி ஏறியது. அதைத் தூக்கிப்போய் வெளியே ஒழுங்கைச் சந்துப் பக்கமாகக் கொட்டிவிட்டு, வெறும் கடகத்தை மறுபடி இறக்கினாள். பத்து நாளில் அந்தக் கற்குவியல் அவள் இடுப்புக்கு வளர்ந்திருந்தது. உள்ளங்கையில் கயிறு கீறிய இடத்தில் துணி சுற்றியிருந்தாள்.

அது புரட்டாதி மாதம். வருடத்தில் கிணறுகள் ஆகக் கீழே இறங்கிக் கிடப்பது அப்போதுதான். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அடியில் நிற்க முடியாது. பிறகு அடுத்த புரட்டாதிதான். கிணறு வெட்டியே நாற்பது வயதாகிவிட்ட வைரவனுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வளவு சோமசேகரத்தாருடையது. கரவெட்டியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகிற வழியில், ஊரின் கடைசியில், ஒரு மண்வீட்டோடும் ஒரு உவர்க் கிணற்றோடும் பல வருடமாக ஆளில்லாமல் கிடந்தது. குடியிருக்க வந்தவர்களெல்லாம் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு ஓடினார்கள். அதனால்தான் வைரவன் போய் முற்றத்தில் நின்று விலை கேட்டபோது, அவர் சாதி பாராமல் உடனே தலையாட்டினார். வேண்டாத பொருளை விற்கும்போது மனிதருக்கு மனம் நன்றாக விரிந்துவிடும்.

வைரவனின் சாதியார் ஊரில் எல்லாருக்கும் கிணறு வெட்டலாம். வெட்டி முடிந்த கிணற்றில் வாளி போடத்தான் கூடாது. இருபது வருடமாகச் செல்லி குடத்தோடு யாராவது ஒரு வீட்டு வேலிக்கு வெளியே நின்று, வீட்டுக்காரப் பெண்கள் வந்து ஊற்றும்வரை காத்திருந்தாள். மாரியில் கால் விறைக்க, கோடையில் தலை சுற்ற நின்றிருக்கிறாள். ஒருமுறை வயிற்றில் பிள்ளையோடு நின்று மயங்கி விழுந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு வைரவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் பெண்சாதி தன் கையால் தண்ணீர் அள்ள ஒரு கிணறு வேண்டும்.

அச்சாரம் கொடுத்தாயிற்று. ஆனால் உறுதிப் பத்திரம் எழுதுவதில் ஒரு சுணக்கம் வந்தது. வளவில் பாதி சோமசேகரத்தாரின் தம்பி நமசிவாயத்துக்கு. அவர் மலாயாவில் றெயில்வேயில் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்கு அறிவித்து, அவர் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் பிறத்தியாருக்கு விற்கலாம் என்று, காணிப் பத்திரம் எழுதும் நெல்லியடி நொத்தாரிசு சொல்லிவிட்டார். கப்பலில் கடிதம் போய், மறுமொழி வரக் கிட்டத்தட்ட இரண்டு மாதமாகும். மழை அதற்குமுன் வந்துவிடும்.

வைரவன் மறுபடி சோமசேகரத்தாரின் முற்றத்துக்குப் போனான்.

"நயினார், தண்ணி இறங்கியிருக்கு. இப்ப விட்டால் ஒரு வருசம் போயிடும். நான் வெட்டத் தொடங்கட்டோ?"

"உன்ரை கிணறுதானே? வெட்டன்," என்றார் அவர், வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே.

செல்லிக்கு இது பிடிக்கவில்லை. எழுத்து முடியட்டும், பிறகு வெட்டுவோம் என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். மழை எழுத்துக்காகக் காத்துநிற்குமா என்று வைரவன் கேட்டான். மூன்றாம் நாள் அவளே கடகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கிணற்றின் குறை வைரவனுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருந்தது. சோமசேகரத்தாரின் தகப்பன் காலத்தில் ஆசைப்பட்டு அளவுக்கு மேல் ஆழமாக வெட்டி, கீழே கிடந்த உவர்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நல்ல தண்ணீர் எப்போதும் மேலேதான் மிதக்கும். ஆகவே அவன் அடியைத் தோண்டவில்லை. களிமண்ணும் கல்லும் போட்டு இரண்டு முழத்துக்கு இடித்து இறுக்கி அடைத்தான். பிறகு அதற்கு மேலே, கிழக்குச் சுவரில், கல்லைக் குடைந்துகொண்டு போனான். படுத்தபடி இரும்பு அலவாங்கால் கல்லைக் குத்தியதில் தோள்மூட்டு வீங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கல் பிளந்து, கை மொத்தத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. வைரவன் நக்கிப் பார்த்தான். பிறகு ஓலைப் பட்டையில் கொஞ்சம் பிடித்து மேலே அனுப்பினான். செல்லி ஒரு மிடறு குடித்தாள். வைரவன் அண்ணாந்து பார்த்தான், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நல்ல தண்ணீர் வந்த செய்தி வெயில் சாயுமுன்னே ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலை சோமசேகரத்தார் தன் வீட்டு வாளியையும் செம்பையும் கொண்டுவந்து, தானே அள்ளிக் குடித்தார். இன்னொரு செம்பும் குடித்தார். பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர் கதிரவேலுவும் வந்து குடித்துவிட்டு, தன் தோட்டத்துக்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று காலால் அளந்தார். வைரவன் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

கார்த்திகையில் மலாயாக் கடிதம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, குளித்துவிட்டு, தோய்த்த வேட்டியுடன் போனான். சோமசேகரத்தார் அவனைக் கண்டதும் உள்ளே போய் அச்சாரக் காசை எடுத்துவந்து திண்ணைக் குந்தில் வைத்தார்.

"என்ரை தம்பி உவர்க் காணியைத்தான் விக்கச் சொன்னவன். இப்ப அது உவர்க் காணியில்லையே. கதிரவேலு கேக்கிறார். உன்ரை வெட்டுக்கூலியும் இதுக்குள்ளை இருக்கு. ஒரு சதம் குறைக்கேல்லை."

வைரவன் காசைத் தொடாமலே நெல்லியடிக்கு நடந்தான். நொத்தாரிசு கெட்டவரில்லை. எழுதிக்கொண்டிருந்த உறுதியை ஓரமாக வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"என்ரை முன்னாலை கையெழுத்து வைச்சு, ரண்டு சாட்சி வைக்கவேணும். அதில்லாட்டில் காணிப் பேச்சு காத்தோடை போன பேச்சு. அச்சாரம் குடுத்தாலும் அதுதான் சட்டம்."

"நான் வெட்டினது காத்திலை இல்லை நயினார். கல்லிலை."

"அது கூலி வைரவன். அதைத்தான் தாறன் எண்டுறாரே."

அவர் பேனாவை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கினார். அது யாருடைய உறுதி என்று வைரவனுக்கு வாசிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்தவன் அலவாங்கைக் கையில் எடுத்தான். அடியில் இறுக்கிய அந்தக் களியில் ஓரிடத்தைக் குத்தி உடைத்தால் போதும், உவர் மேலே ஏறிவிடும். பிறகு நூறு வருடத்துக்கு யாரும் அதில் வாய் வைக்கமாட்டார்கள். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதை அவன் செல்லிக்குச் சொன்னான்.

செல்லி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"குத்திப்போட்டு? எங்களுக்குக் கிட்டடியிலை இருக்கிற நல்ல தண்ணியும் இனி உதுதானே."

வைரவன் அலவாங்கைக் கூரை இறவாரத்தில் செருகிவிட்டுப் போய்ப் படுத்தான்.

தை மாதத்தில் கதிரவேலுவின் பெயருக்கு அறுதி உறுதி எழுதியாயிற்று. வளவைச் சுற்றிப் புதுக் கிடுகு வேலி எழும்பியது. வைரவனின் கால் பட்ட கிணறு தீட்டென்று, நாலு பேர் நின்று ஒரு நாள் முழுவதும் இறைத்து ஊற்றினார்கள். ஐயர் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இரவோடிரவாக ஊற்று மறுபடி கிணற்றை நிரப்பியது.

மறுநாள் காலை செல்லி குடத்தோடு போய் வேலிப் படலை வாசலில் நின்றாள். கதிரவேலுவின் மனைவி அருமைநாயகி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கிற பெண் இல்லை அவள்.

"வந்திட்டியே? உன்ரை புருசனுக்கு நல்ல கைராசி, தண்ணி தேன். இதை முடிச்சிட்டு வாறன். படலைக்கை நிக்காதை, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்."

செல்லி பின்னால் நகர்ந்தாள். ஒழுங்கைக் கரையில் அவள் கடகம் கடகமாய்த் தூக்கிக் கொட்டிய கல் இன்னும் குவியலாகவே கிடந்தது. வெறும் குடத்தை அதன்மேல் சாயாமல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.