மூச்சுக்கு மார்க்ஸ்

சிவனேசனுக்கு எதற்கும் மார்க்ஸ் போட்டாக வேண்டும். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். மூடி சரியாகப் பொருந்தாத போத்தல்களைப் பொறுக்கி எறிவார். வீட்டிலும் அதே கண்தான். மூத்தவள் தனுஷாவின் ரிப்போர்ட்டைச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் பகுதி என்பதற்காகவே எப்சமில் சுவர் ஈரம் கசியும் வீடொன்றில் குடியிருக்கிற மனுசனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

இளையவள் கம்சாயினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி பசைபோல இறுகி நுரையீரலிலேயே தங்கிவிடும். அதில் கிருமி குடியேறினால் உடனே கண்டுபிடித்து விரட்ட வேண்டும், விட்டால் பிறகு போகாது. அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கருவியை வீட்டுக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை அதில் மூச்சை இழுத்துப் பிடித்து ஊத வேண்டும். எண் ஃபோனில் விழுந்து நர்ஸுக்குப் போகும். கூடவே, இருமல் கூடியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. கூடியிருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவித் தபாலில் அனுப்ப வேண்டும்.

அவள் வயதுப் பிள்ளைகளின் மூச்சு நூறு என்றால் இவளுக்கு இத்தனை என்று எண் வந்ததும் சிவனேசனுக்கு அது பரீட்சையாகிவிட்டது.

“போன கிழமை எண்பத்தொண்டு. இந்தக் கிழமை எழுபத்தாறு. அஞ்சு மார்க்ஸ் எங்க போச்சு?”

“ஐ ட்ரைட், அப்பா.”

“அக்காவைப் பார். அவள் எப்பவாவது குறைஞ்சவளோ?”

அன்றைக்குப் பிள்ளைக்கு ஐபேட் இல்லை. அடுத்த கிழமை எழுபத்துநான்கு; தோழியின் பிறந்தநாளுக்கும் விடவில்லை. “வருத்தக்காரப் பிள்ளையோட ஏனப்பா மல்லுக்கு நிக்கிறியள்?” என்று மனைவி சுந்தரி கேட்டாள். செல்லம் கொடுத்துக் கொடுத்து இவளுக்கு மூச்சும் சோம்பேறியாகிவிட்டது என்றார். மனுசன் வாயில் இதெல்லாம் தங்குதடையில்லாமல் வரும்.

மூன்றாவது கிழமை தொண்ணூற்றிரண்டு. தன் கண்டிப்பு வேலை செய்துவிட்டது என்று சிவனேசனுக்குத் தலைகால் புரியவில்லை. சான்ட்ரிங்ஹாமில் இந்தியக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தார். அடுத்தது தொண்ணூற்றொன்று, பிறகு தொண்ணூற்றுமூன்று. கதவைச் சாத்திக்கொண்டு ஊதினால்தான் நன்றாக வருகிறதாம், அக்கா பக்கத்தில் இருந்தால் போதுமாம். அதற்கென்ன என்று விட்டுவிட்டார். எண்ணைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

ஆனால் பிள்ளை இருமினாள். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு இருமினாள். பள்ளிக்கூட வாசலில் பையைக் கீழே போட்டுவிட்டுக் குந்தியிருந்து இருமினாள்.

“இஞ்சருங்கோ, அந்தக் குச்சியை ஒருக்கா அனுப்புவம்,” என்றாள் சுந்தரி.

“தொண்ணூத்திமூண்டு எடுக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குக் குச்சி? பள்ளிக்கூடம் போகக் கள்ளம், அவ்வளவுதான்.”

இருமல் கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அவரே அழுத்தினார். ஏழு கிழமையும் அழுத்தினார். பஞ்சுக் குச்சி உறை பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

எட்டாவது கிழமை, கொதிக்கிற காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்திருந்தால் கிருமியை முற்றாக விரட்டப் பார்த்திருக்கலாம், இனி அநேகமாக அது அவளோடுதான் இருக்கும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். பிறகு ஃபோனைக் காட்டி, இந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்டார்.

எல்லோருக்கும் முன்னால் தனுஷா வாயைத் திறந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது, நோய் நொடி இல்லாத நெஞ்சு.

“நான்தான் ஊதினது. ஃபுல்லா ஊதினா நூறுக்கு மேல போகும், நீங்கள் பிடிச்சிடுவீங்கள். அதால மெதுவா ஊதினனான். ஷி வாஸ் ஸ்கேர்ட் ஆஃப் யூ, அப்பா.”

சுந்தரி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தன் நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது, பெற்ற பிள்ளையைத் தானே கெடுத்துவிட்டோம் என்று சிவனேசனுக்கு உண்மையாகவே விளங்கியது. பிள்ளையின் காலைப் பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் ஊதுகிற கருவியோடு வந்தாள். கம்சாயினி கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, எழுந்து உட்கார்ந்து ஊதினாள். பாதியிலேயே இருமல் பிடுங்கியது. நாற்பத்தொன்று. இன்றைக்கு இது போதும், கெட்டிக்காரி என்று அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

பரவாயில்லை என்று சொல்லத்தான் சிவனேசன் வாயைத் திறந்தார்.

“இன்னும் கொஞ்சம் தம் பிடிச்சு ஊதிப் பாரம்மா,” என்றார்.

கம்சாயினி கருவியைத் திரும்ப வாங்கி ஊதினாள். முப்பத்தெட்டு.

“ஸாரி, அப்பா,” என்றாள்.