நடுவில் குச்சி இல்லாத வண்டி

கார் என்றால் எல்லாம் கார்தானே என்று சொல்கிறவர்கள் கோகிலவாணியிடம் வாயைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி ஆபீஸில், முப்பது பேர் முப்பது கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்து படம் பார்த்துப் பெயர் குறிக்கும் வேலையில், அவளுக்கு மூன்று வருட சர்வீஸ். கடைசி ஒரு வருடமாக வந்ததெல்லாம் அமெரிக்காவின் பழைய கார்கள். யாருக்கு, எதற்கு என்று கேட்டால் மேனேஜருக்கே சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். படத்துக்குக் கீழே ஐந்து பொத்தான்கள் இருக்கும்: செடான், ஹார்ட்டாப், கூபே, கன்வர்ட்டிபிள், ஸ்டேஷன் வேகன். சரியானதை அழுத்த வேண்டும்.

கூரை மடிகிற கன்வர்ட்டிபிளும், பின்னால் பெட்டி போல நீண்ட வேகனும் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். செடானும் ஹார்ட்டாப்பும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. இரண்டுக்கும் தகரக் கூரைதான். செடானில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே, கூரையைத் தாங்கிக்கொண்டு ஒரு தூண் நிற்கும். ஹார்ட்டாப்பில் அது கிடையாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே திறப்பு. அந்தத் தூணுக்குக் 'குச்சி' என்று பெயர் வைத்தவளே கோகிலவாணிதான். யாருக்குச் சந்தேகம் வந்தாலும், குச்சி இருக்கிறதா இல்லையா என்று அவளிடம்தான் கேட்பார்கள். அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. அப்பா கரும்பு வெட்டிப் படிக்கவைத்த வீட்டில், அமெரிக்காக்காரன் வண்டியைப் பார்த்த பார்வையில் சொல்கிற பெண் இருந்தால் கர்வம் வராமல் இருக்குமா?

அதனால்தான் தை மாதம் தம்பி சந்தோஷின் கல்யாணத்துக்கு அவள் ஒரு ஹார்ட்டாப்பைப் பிடித்தாள். உளுந்தூர்பேட்டையில் கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று குச்சி உள்ளது, மற்றது இல்லாதது. இல்லாததுதான் வேண்டும் என்று படத்தில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் நடுப்பகலில் சங்கராபுரத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது செடான். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நடுத்தூணில் கையை வைத்து, இது நாங்கள் கேட்ட வண்டி இல்லை என்றாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. டிரைவரோடு சந்தோஷே திரும்பிப் போய் மற்றதைக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிறதே என்று இவள் போன் மேல் போன் போட்டாள். நாலரை மணிக்கு வண்டி வந்துவிட்டது. வரும்போதே இடப்பக்க விளக்கின் மேல் சாமந்திச் சரம் கொத்தாகத் தொங்கியது. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு பூவைச் சுற்றினால் எப்படி, கல்யாணம் உனக்கா வண்டிக்கா என்று தம்பியைக் கிண்டல் செய்தாள். அவன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வண்டியின் முன்னால் குடும்பமே நின்று எடுத்த போட்டோவை ஆபீஸில் தன் மேசையின் தடுப்பில் ஒட்டிவைத்தாள். அதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது.

ஆபீஸைக் கூட்டித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கிற கண்ணகி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையை அடுத்த ஒரு சிற்றூர். புருஷன் சடையன் மலைக்கும் கீழுக்கும் ஜீப் ஓட்டினான். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோ மனிதரோ எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு இறங்குவான். தை முடிவதற்குள் அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

சங்கராபுரம் சாலையில் இருசப்பன் என்ற கூலிக்காரர் செத்துப்போனதுதான் வழக்கு. களையெடுக்கிற பெண்களுக்கு டீ வாங்கிவர, கையில் தூக்குவாளியோடு சைக்கிளில் ஏறியவர். அடித்த வண்டி நிற்கவில்லை. சாலையில் வேறு ஆளும் இல்லை. வயலிலிருந்து நிமிர்ந்து பார்த்த பெரியம்மாள் ஒருத்திதான் சாட்சி. தொறந்த வண்டி என்று அவள் சொன்னாள். 'திறந்த நிலையிலுள்ள வாகனம்' என்று எழுத்தில் ஏறியது. இந்தப் பக்கத்தில் திறந்த வண்டி என்றால் மலை ஜீப்தான், வேறென்ன? அன்றைக்கு அந்தச் சாலையில் போன மலை ஜீப்புகளில் சடையனுடையது முன்பக்கம் நசுங்கியிருந்தது. போன மழையில் பாறையில் மோதிய நசுங்கல் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டினான் என்றும் சேர்த்து எழுதிவிட்டதால் ஜாமீன் இழுத்துக்கொண்டே போனது.

மூன்று மாதம் ஓடிவிட்டது. கண்ணகி அழுவதை நிறுத்தியிருந்தாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. வாளியோடு வருவாள், துடைப்பாள், போவாள். ஒரு நாள் கோகிலவாணியின் பக்கத்தில் நின்று, சாட்சி சொன்ன அம்மாவை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும், தனக்கு விவரமாகப் பேசத் தெரியாது, கூட வருவீர்களா என்று கேட்டாள். கோகிலவாணிக்கு இரக்கம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்கூட்டியிலேயே உட்காரவைத்துக் கூட்டிப்போனாள்.

பெரியம்மாள் வரப்பில் உட்கார்ந்து சொன்னாள். "ஜீப்புன்னு நான் சொல்லவே இல்ல கண்ணு. வெயிலு எதுக்க அடிச்சிது, கலரு தெரில. நீட்டு வண்டி. மேல கூர இருந்துச்சி. ஆனா ஊடால ஒண்ணுமே இல்ல. அந்தாண்ட நிக்குது பாரு புளியமரம், அது வண்டி வழியா முழுசா தெரிஞ்சிது. அத இன்னான்னு சொல்றது? தொறந்த வண்டின்னேன். எழுதிக்கினு கைநாட்டு வாங்கிக்கினாங்க."

கோகிலவாணி புளியமரத்தைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நானூறு படம் பார்த்த கண். வேண்டாம் என்றாலும் அது விடுமா? நீட்டு வண்டி, கூரை, நடுவில் ஒன்றுமில்லை. வழக்கின் தேதி அவளுக்குத் தெரியும், தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள். நேரமும் தெரியும். இடப்பக்க விளக்கை மறைத்துத் தொங்கிய சாமந்திச் சரமும் ஞாபகம் வந்தது.

"கூர இருந்து, ஊடால ஒண்ணும் இல்லாத வண்டி இருக்குதாங்க்கா?" என்று கண்ணகி கேட்டாள். "நீங்கதான எல்லா வண்டியும் பாக்கறீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் கோகிலவாணி.

அன்று சாயங்காலமே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். சந்தோஷ் மறுக்கக்கூட இல்லை. என்றைக்காவது கேட்பாள் என்று காத்திருந்தவன் போல உட்கார்ந்துவிட்டான். உள்ளே அவன் மனைவி ஷாலினி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டாம் மாதம்.

"நான்தான்க்கா ஓட்டினேன். டிரைவரு தெரிஞ்சவரு, ஆசையா கேட்டேன், குடுத்தாரு. நீ போன் மேல போன் போட்டுக்கினே இருந்த. எடுக்கலாம்னு குனிஞ்சேன். அவ்ளோதான்."

கோகிலவாணி தன் போனை எடுத்தாள். அன்றைக்கு எத்தனை முறை கூப்பிட்டோம் என்று அதிலேயே பார்த்தாள். பதினொன்று. பத்து அழைப்புகளை அவன் எடுத்திருந்தான். நாலு மணி ஐந்து நிமிடத்துக்குப் போட்டதை மட்டும் எடுக்கவில்லை. குச்சி இருந்த வண்டியிலேயே அவன் மாப்பிள்ளையாகப் போயிருந்தால் இருசப்பன் டீ வாங்கிக்கொண்டு வயலுக்குத் திரும்பியிருப்பார். சடையன் மலையேறியிருப்பான். வண்டியில் ஒரு குச்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இந்த ஊரில் அது யாருக்குத் தெரிந்தது, அவளைத் தவிர?

திங்கட்கிழமை ஆபீஸுக்குச் சீக்கிரம் போய், யாரும் வருவதற்கு முன்னால் போட்டோவை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

புதன்கிழமை கண்ணகியின் வக்கீல் கெஞ்சிக் கேட்டதில் பெரியம்மாள் சொல்வதை இன்னொரு தரம் கேட்க சப்-இன்ஸ்பெக்டர் சம்மதித்திருந்தார். பெரியம்மாளோடு கோகிலவாணியையும் கண்ணகி ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இவங்க வண்டி பார்க்கிறதிலேயே வேலை செய்றவங்க என்று அவளைக் காட்டியபோது கண்ணகியின் குரலில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மோசமான மனிதர் அல்ல. பெரியம்மாள் சொல்லி முடித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, கோகிலவாணியிடம் நிதானமாகவே கேட்டார்.

"கூர இருக்கற வண்டிய தொறந்த வண்டின்னு சொல்றாப்ல, அப்பிடி ஒரு வண்டி இருக்குதாம்மா? நீ சொல்லு, நான் தேடறேன்."

சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் நாக்கில் ஒரு வருடமாக இருக்கிறது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஷாலினி கண்முன் வந்தாள். கரும்பு வெட்டிய அப்பாவின் கை வந்தது.

"எனக்குத் தெரிஞ்சி இல்லைங்க சார். படுதா போட்ட ஜீப்பா இருக்கும்."

"எங்க ஜீப்புல படுதாவ தாங்க நாலு கம்பி நிக்குதேக்கா" என்றாள் கண்ணகி, மெதுவாக. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் கண்ணகி நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். கோகிலவாணிக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. சும்மா சொல்லவில்லை, எதிரே வந்த லாரியைப் பார்த்து உண்மையிலேயே அப்படி நினைத்தாள்.

மறுநாள் வேலை எப்போதும் போல ஓடியது. பதினொரு மணிக்குத் திரையில் ஒரு படம் வந்து நின்றது. நீளமான கார். கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தன. வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய மரம், அதன் அடிமரம் கதவுகளுக்கு மேலே முழுசாகத் தெரிந்தது. அழுத்த வேண்டிய பொத்தான் எது என்று அவளுக்கு யோசிக்கவே தேவையில்லை. விரல் நகரவில்லை.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கண்ணகி நிமிர்ந்தாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டே வந்து நின்றாள். திரையையே வெகுநேரம் பார்த்தாள்.

"கூர இருக்குது" என்றாள். "ஊடால ஒண்ணும் இல்ல. மரம் தெரியுது."

"இது அமெரிக்கா வண்டி கண்ணகி. இங்க எங்க வரப்போவுது?"

கண்ணகி திரையை விட்டுவிட்டு மேசையின் தடுப்பைப் பார்த்தாள். போட்டோ ஒட்டியிருந்த இடத்தில் நாலு மூலையிலும் டேப்பின் தடம் இன்னும் இருந்தது. தினமும் அவள் தூசி தட்டித் துடைத்த இடம் அது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"இங்க உங்க தம்பி கல்யாணத்து போட்டோ ஒண்ணு இருந்துச்சே. அத ஏங்க்கா எடுத்துட்டீங்க?"

கண்ணகி பதிலுக்கு நிற்கவில்லை. துணியை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் சாலையைக் கடந்து போலீஸ் ஸ்டேஷன் பக்கமாக நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

தம்பிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கோகிலவாணி போனை எடுத்தாள். பெயரைத் தேடி விரலை வைக்கப்போனபோது, இந்நேரம் அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ற நினைப்பு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.