வீட்டிலேயே பண்ணியாச்சு

வாத்தியாரின் கார் திரும்பும்போதெல்லாம் பின்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சொடக்குப் போட ஆரம்பித்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வாத்தியாரைவிட நான்கு வயது மூத்தது. அவர் மேல்வகுப்புகளுக்கு இயற்பியல் எடுப்பவர். சத்தத்தைக் கேட்டதுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அச்சுகள் இரண்டு, ஒவ்வொன்றின் இரு நுனியிலும் ஒரு ஜாயின்ட், ஆக நான்கும் தேய்ந்துவிட்டன. சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அச்சின் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்வது அந்த ஜாயின்ட்தான் என்று கரும்பலகையில் படம் போட்டு நாற்பது நிமிடம் பேசுவார். கழற்று என்றால் கை வராது.

கை வந்தது அவருடைய மனைவியின் தங்கைக்கு. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். பஸ் டிப்போ பட்டறையில் ஃபிட்டர். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எட்டு மாதமாக அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். சத்தத்தை இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள், “அத்தான், வண்டியை ஜாக்கியில ஏத்துங்க, நான் பார்க்கறேன்” என்றாள்.

சேர்ந்தாற்போல் கிடைத்த மூன்று நாள் விடுமுறையை அவள் கார் கொட்டகையில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தாள். ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸெல்லாம் வெளியே கக்கியிருந்தது. அச்சுகளை இறக்கி, லாக் வளையங்களை விரித்து எடுத்து, ஜாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெளியே தடித்த இரும்புக்கூடு, உள்ளே நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஆறு குண்டுகள். ஒரு ஜாயின்ட்டின் குண்டு இன்னொன்றில் கலந்துவிடக் கூடாது என்று நான்கு கிண்ணங்களை அக்காவிடம் கேட்டு வாங்கினாள். “திரும்பிச் சமையலறைக்குள்ள வரக் கூடாது” என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தாள். வாத்தியார் டார்ச் பிடித்தார். மண்ணெண்ணெயில் குண்டுகளைக் கழுவினார். அவ்வளவுதான் அவர் பங்கு.

குண்டுகள் ஓடும் பள்ளங்களை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு அத்தான். இடது அச்சை வலதுல போட்டுட்டு வலதை இடதுல போட்டுட்டா, தேயாத பக்கம் வேலை செய்யும். இன்னும் பல வருஷம் ஓடும்.”

அட, ஆமாம் என்றிருந்தது வாத்தியாருக்கு. விசையின் திசை பற்றி வருஷா வருஷம் பாடம் எடுப்பவருக்கு இது தோன்றியிருக்கவில்லை.

புது உறை, புது கிரீஸ். நான்காம் நாள் காலை வண்டி திரும்பியபோது ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு மரச்சாமான் கடையின் முன்னால், கடை திறப்பதற்குள் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கேப்டன் என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் வளைத்து நிறுத்தியதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கேப்டன், “என்ன வாத்தியாரே, சொடக்கைக் காணோம்? எங்க குடுத்தீங்க?” என்றார்.

“எங்கயும் இல்ல. வீட்டிலேயே பண்ணியாச்சு.”

தமிழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. யார் பண்ணினது என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். அந்த நிமிடம் வரை அவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

“நீங்களேவா!” என்றார் கேப்டன்.

வாத்தியார் சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். கேப்டன் அவர் முதுகில் ஒன்று வைத்து, “இனிமே இவர் அச்சு வாத்தியார்!” என்று எல்லோருக்கும் அறிவித்தார். அடுத்த வாரம், அச்சுகளை இடம் மாற்றிப் போடும் யுக்தியை வாத்தியார் தாமாகவே விளக்கினார். அதை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு மருந்துக்கடைக்கார அம்மாள் இருந்தார். அவரிடம் இதே மாதிரி வண்டி, பச்சை நிறம், இதே சொடக்கு. “என் அச்சைக் கழட்டி எடுத்துட்டு வர்றேன் சார். எப்படிப் பிரிச்சுச் சேர்க்கறதுன்னு காட்டுங்க. மீதியை நானே பண்ணிக்கறேன்” என்றார். “நாங்களும் வர்றோம்” என்றார் கேப்டன்.

சின்னவளின் ஷிஃப்ட் அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அவளுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கிற ஞாயிறாகப் பார்த்து வாத்தியார் வரச் சொன்னார். அந்த ஞாயிறு விடிந்ததும் மாடிப்படியில் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். கூட வேலை செய்பவள் ஒருத்தி ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டாளாம். வாத்தியார் அட்டவணையை இன்னொரு முறை போய்ப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு, அவளையே காட்டச் சொல்லுங்களேன்” என்றாள் மனைவி, ஒன்றும் அறியாமல்.

“பாவம், லீவு நாள்ல தூங்கட்டும்” என்றார் வாத்தியார். மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கொழுந்தியாளின் தூக்கத்தைப் பற்றி அவர் அதுவரை கவலைப்பட்டதே இல்லை.

ஆறு பேர் வந்தார்கள், மருந்துக்கடை அம்மாள் கையில் தன் வண்டியின் அச்சோடு. வாத்தியார் கொட்டகை மேசையில் பழைய போர்வையை விரித்து, சின்னவளின் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார். பிரிப்பது சுலபமாகவே நடந்தது. நட்சத்திரத்தைக் குறுக்கே சாய்க்க, குண்டுகள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் விழுந்தன. கேப்டன் செல்போனில் படம் எடுத்தார். வாத்தியார் வகுப்பறைக் குரலில் விளக்கிக்கொண்டே கழுவி, துடைத்து, திரும்பச் சேர்த்தார். குண்டுகள் உள்ளே போயின. ஆனால் ஜாயின்ட் அசையவில்லை. எந்தப் பக்கமும் மடங்காமல் கல் மாதிரி இறுகி நின்றது.

“புது கிரீஸ் போட்டா இளகிடும்” என்றார் வாத்தியார். பிரித்து இன்னொரு முறை சேர்த்தார். மறுபடியும் அப்படியே.

அப்போது சின்னவள் துணிக்கூடையோடு கொட்டகையைத் தாண்டிக் கொடிப்பக்கம் போனாள்.

“இவங்க யாரு சார்?” என்றார் மருந்துக்கடை அம்மாள்.

“என் கொழுந்தியா.”

“என்ன பண்றாங்க?”

“பஸ் டிப்போவுல... ஆபீஸ் வேலை. கிளார்க்.”

கொடிக்கும் மேசைக்கும் பத்தடிகூட இல்லை. சின்னவளின் கை உதறிய துணியோடு அப்படியே நின்றது. வாத்தியார் குனிந்துகொண்டார். அவள் “இல்லை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். பாதி மனசு, சொல்லித் தொலைக்கட்டும் என்றும் நினைத்தது.

“ஆமாங்க” என்றாள் சின்னவள். “டிக்கெட் ரோல் எடுத்துக் குடுக்கறது.” துணியைக் கொடியில் போட்டாள்.

வாத்தியார் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சுத்தியலை எடுத்தார். ஜாயின்ட்டை ஒரு தட்டுத் தட்டப் போனார்.

“அத்தான்” என்றாள் அவள், ஈரக்கையைத் துடைத்தபடி அருகே வந்து. “அன்னிக்கு நீங்க என்கிட்ட ஏதோ சொல்லிட்டிருந்தீங்களே. வெளிக்கூட்டுல பள்ளத்துக்குப் பள்ளம் நடுவுல இருக்கற திட்டு ஒண்ணு அகலம், ஒண்ணு ஒடுக்கம். நட்சத்திரத்துலயும் அதே மாதிரி. இதோட அகலத்துக்கு நேரா அதோட ஒடுக்கம் வரணும், இல்லேன்னா பூட்டிக்கும்னு. எனக்கு ஒண்ணும் புரியல அப்போ. அது இந்த ஜாயின்ட்தானா?”

அவர் அவளிடம் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

“ஆ... ஆமா. இதேதான்” என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிரித்து, நட்சத்திரத்தை ஒரு பள்ளம் தள்ளித் திருப்பி வைத்துச் சேர்த்தார். ஜாயின்ட் அவர் கையில் வெண்ணெய் மாதிரி நாலாபக்கமும் சாய்ந்தது. கைதட்டினார்கள். “வேணும்னே தப்பாப் போட்டுக் காட்டினாரு பார்த்தீங்களா? வாத்தியார்னா வாத்தியார்தான்!” என்றார் கேப்டன். சின்னவள் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மருந்துக்கடை அம்மாள் மட்டும் கைதட்டாமல் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம், எல்லோரும் போன பிறகு, சின்னவள் கொட்டகைக்கு வந்து தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் செருகினாள். வாத்தியார் வாசலில் நின்று, “நல்லவேளை, என்னைக் காப்பாத்திட்டே” என்றார். சிரிக்கவும் பார்த்தார்.

“உங்களை யாரு காப்பாத்தினா? அந்தம்மா சாமானைச் சுத்தியால அடிக்கப் போனீங்க. அதான் வந்தேன்.”

அவர் சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நீங்களே பண்ணினதாச் சொல்லிக்கிட்டது பரவாயில்ல அத்தான். அதனால எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடல. என் வேலையை எதுக்கு மாத்தினீங்க? ஆறு வருஷம் ஹெல்பரா இருந்து, ராப்பகலாப் படிச்சுப் பரீட்சை எழுதி வாங்கின வேலை. பழைய ஊர்ப் பட்டறையில ஃபிட்டர் லிஸ்ட்டுல வந்த முதல் பொம்பளை நான். லிஸ்ட்டு வந்த அன்னிக்கு அக்காவுக்கு போன் பண்ணி அழுதேன். உங்க வாயில ஒரு நிமிஷத்துல கிளார்க் ஆயிட்டேன்.”

“ஃபிட்டர்னு சொன்னா உடனே எல்லாரும் ஜாயின்ட்டையும் உன்னையும் பார்ப்பாங்களேன்னு...”

“அது மட்டும்தானா?”

அவர் வாயைத் திறந்தார். அது மட்டும் இல்லை. போன வருஷமே, காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத ஒரு நாளில், ஆசிரியர் அறையில் யாரோ கேட்டதற்கு “என் கொழுந்தியா போக்குவரத்துத் துறையில இருக்கா” என்று சொல்லியிருந்தார். அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சையும் மாற்றியிருந்தார். அது இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. சின்னவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பையைச் சுருட்டி, நாடாவைக் கட்டி, மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் எப்போதும்போல்தான் இருந்தாள். “அத்தான், தண்ணி மோட்டாரைப் போடுங்க” என்றாள். செய்தித்தாளைப் படித்துவிட்டுக் கொடுத்தாள். கோபித்திருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். நான்கு நாள் கழித்து அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய்கறி நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். “என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? போய்ச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க” என்றாள்.

ஞாயிறன்று மரச்சாமான் கடை முன்னால், வண்டியை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து நாலைந்து வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

“என் வண்டியைப் பண்ணினது நான் இல்ல. என் கொழுந்தியா. அவ கிளார்க்கும் இல்ல, டிப்போவுல ஃபிட்டர். நான் பொய் சொன்னேன்.”

கேப்டன், “அட, இதுக்குப் போயா மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டீங்க?” என்று சிரித்தார். “அப்போ நீங்க டார்ச் வாத்தியார்!” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரிக்க வேண்டியிருந்தது. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பார். சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மருந்துக்கடை அம்மாள் சிரிக்கவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவங்க நகக்கண்ணுல கறுப்பைப் பார்த்தப்பவே தெரியும் சார். டிக்கெட் ரோல்ல அவ்வளவு கிரீஸ் இருக்காது. அன்னிக்கு அவங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீங்க. இங்க, அவங்க இல்லாத இடத்துல சொல்றதுக்கு என்ன கஷ்டம்?”

தைரியம் என்று நினைத்துக்கொண்டு வந்தது அவர் கண் முன்னாலேயே சுருங்கிப்போயிற்று.

“அவங்க நம்பர் வேணும்.”

“கேட்டுட்டுத் தர்றேன்” என்றார் வாத்தியார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போனார். சின்னவள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். மரச்சாமான் கடை முன்னால் சொன்னதை அப்படியே சொன்னார். ஆசிரியர் அறையில் சொன்னதையும் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரஷ் சற்று நின்று, மறுபடி ஓடியது.

“மன்னிச்சிரும்மா.”

“சரி அத்தான்.”

“கேப்டனும் மத்தவங்களும் அவங்க வண்டியையும் நீ பார்ப்பியான்னு கேட்டாங்க. உன்னையே கேட்டுக்கறேன்னு சொல்லிட்டேன்.”

“லீவு நாள்ல எனக்குத் தூங்கணும். அந்தம்மாவுக்கு மட்டும் நம்பர் குடுங்க.”

பச்சை வண்டியின் மிச்சம் மூன்று ஜாயின்ட்டுகளும் மருந்துக்கடை அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் சேர்ந்தன. இரண்டு பெண்களும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து முடித்தார்களாம். வாத்தியாரை யாரும் டார்ச் பிடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் சின்னவள் டிப்போவுக்குப் பக்கத்தில், கூட வேலை செய்பவளோடு அறை எடுத்துக்கொண்டாள். சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வந்தது. வாத்தியார் அவளுடைய கட்டிலின் கால்களைக் கழற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் வந்து பின்பக்கத்து நட்டை விரலால் பிடித்துக்கொண்டாள். கழன்றது.

“என்னாலதான் போறியாம்மா?” என்று குனிந்தபடியே கேட்டார்.

“டிப்போ பக்கம் அத்தான். காலை ஷிஃப்ட்டுக்கு நடந்தே போயிடலாம்.”

அது உண்மைதான். ஆனால் இல்லை என்று அவள் சொல்லவில்லை. கட்டிலின் ஒரு முனையை அவள் தூக்கினாள், மறுமுனையை அவர் தூக்கினார். படியில் பார்த்து இறங்கும்படி அவள்தான் சொல்லிக்கொண்டே வந்தாள்.