முதல் கையெழுத்து

கம்பெனி கைமாறியதிலிருந்து பட்டறையில் டீ நன்றாக இருந்தது. கிரீஸ் அண்ணனுக்கு அதுவே சந்தேகம். "பால் கெட்டியா இருந்தா பின்னாடி ஏதோ வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை அது வந்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. அண்ணன் பாதி ஆயுளை லிஃப்ட் பெட்டியின் மேல் நின்றே கழித்தவர். இருட்டுக் கிணறு மாதிரி இருக்கும் அந்தச் சந்துக்குள் பெட்டி மேலே நின்றுகொண்டு, இரண்டு பக்கத்துத் தண்டவாளத்துக்கும் கிரீஸ் தடவிக்கொண்டே இறங்குவார். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் மனைவிகூட கோபம் வந்தால் "கிரீஸு" என்றுதான் கூப்பிடுவாள்.

புதிய மேலாளர் அம்மா அவரை உட்காரச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்கண்ணே. அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா போதும்."

"என்னம்மா போட்டிருக்கு இதுல?"

"புது மெஷின் எல்லாத்துக்கும் உங்களுக்குப் பயிற்சி குடுக்கப் போறோம். கத்துக்கிட்டு எதிர்லயே கடை போட்டா நாங்க என்ன பண்றது? வேலையை விட்டுப் போனா ரெண்டு வருஷம் இந்த ஊர்ல லிஃப்ட் வேலை தொடக்கூடாது. அடுத்தவன்கிட்டயும் சரி, சொந்தமாவும் சரி."

"போடலன்னா?"

மேலாளர் அம்மா மேசைமேல் நேராகவே இருந்த பேனாவை இன்னும் நேராக வைத்தார். "வெச்சுக்க முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க. நானும் இப்படி ஒண்ணு போட்டுட்டுத்தான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் மச்சினன் காத்திருந்தான். மனைவியின் தம்பி, இதே கம்பெனியில் அவரோடு வேலை பார்ப்பவன். இந்தத் தொழிலுக்கு அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்தவர் அண்ணன்தான். இப்போது அவன்தான் அவரை இதிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு சின்ன லிஃப்ட் சர்வீஸ், ரெண்டு பேர், ஒரு வண்டி, ஒரு கடை. கடைகூடப் பார்த்தாகிவிட்டது. மருந்துக்கடைக்குப் பின்சந்தில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. சாவி அவன் கையில்.

"மாமா, நல்லதாப் போச்சு. கையெழுத்துப் போடாம மாசக் கடைசியில ரெண்டு பேரும் கௌம்பிடலாம். அவங்களே வழியனுப்பி வைக்கறாங்க."

"பார்க்கலாம் மாப்ளே."

"உங்க 'பார்க்கலாம்' எனக்குத் தெரியாதா? மிக்சி வாங்கப் பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லி எங்கக்கா கையே மிக்சியாப் போச்சு."

அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் மனைவி அவனுக்கு மேல் இருந்தாள். "என் தம்பி உங்களை முதலாளியாக்காம விடமாட்டான் போலிருக்கே."

"முதலாளியா? ஓடலன்னா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துடும்."

"ஓடுச்சுன்னா?"

அந்தப் பக்கம் அவர் யோசித்ததே இல்லை. மெஷினில் எது எப்படி அறுந்துபோகும் என்றுதான் அவருக்குத் தெரியும். அறுந்துபோகாமல் இருப்பதைப் பற்றி நினைக்க யாரும் அவருக்குக் கூலி கொடுத்ததில்லை.

இரண்டு நாள் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை அவருக்கு ஒரு வழி தோன்றியது. தான் கையெழுத்துப் போட்டு உள்ளே இருந்துவிடுவது, மச்சினன் போடாமல் வெளியே போய்விடுவது. கடை ஓடினால் அவன் பிழைத்துக்கொள்வான். ஓடாவிட்டால் ஒரு வீட்டு அடுப்பாவது எரியும். புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. பயத்துக்கு நல்ல சட்டை போட்டுவிட்டால் பார்ப்பதற்குப் புத்தி மாதிரியே இருக்கும். மச்சினனிடம் சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, காலையிலேயே மேலாளர் அம்மாவின் மேசையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மேலாளர் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "உங்க மச்சினரும் மத்தியானமே போட்டுட்டாரு. அவர்தான் முரண்டு பிடிப்பாருன்னு நினைச்சேன். தாளைப் படிக்கவேயில்லை. தாள் கட்டுல உங்க கையெழுத்தைப் பார்த்தாரு, பேனா கேட்டாரு."

அண்ணன் அவனைத் தேடிப் போனார்.

மச்சினன் பின்பக்கக் குழாயடியில் மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா போட்ட?"

"நீங்க போட்டிருந்தீங்களே."

"நான் போட்டது எனக்கு. நீ போகணும்னுதான்டா நான் போட்டேன்."

"அதை எங்கிட்ட சொன்னீங்களா?"

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் துணியைப் பிழிந்தான். பிழிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "நீங்க பெட்டி மேல நின்னு 'இறக்கு'ன்னா, மெஷின் ரூம்ல இருந்து நான் ஏன்னு கேட்டிருக்கேனா மாமா?"

கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. ஒருவன் கிணற்றுக்குள் நிற்பான், இன்னொருவன் உச்சியில் சுவிட்சைப் பிடித்திருப்பான்; ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குரல் வந்தால் நகர்த்து, வராவிட்டால் நகர்த்தாதே. ஏன் எதற்கு என்று கேட்கிற நேரத்தில் கை போய்விடும், தலையும் போய்விடும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"மாமா போட்டிருக்காருன்னா எதையோ பார்த்திருப்பாரு, அங்க நிக்கிறவருக்குத்தானே தெரியும்னு நினைச்சேன்" என்றான். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

அண்ணன் மறுபடி மேலாளர் அம்மாவிடம் போய் நின்றார். "அவன் தெரியாமப் போட்டுட்டான்மா. அந்தத் தாளைக் குடுத்துடுங்க."

"அவரே வந்து கேட்டா தர்றேன். வந்த வரைக்கும் நாளைக்குக் காலையில அனுப்பிடுவேன், அதுக்குள்ள வரச் சொல்லுங்க." தாள் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே மச்சினனின் தாள், அதற்கு அடியில் அவருடையது. ஓரம் எட்டிப்பார்த்தது. என்னோடதையும் சேர்த்துக் குடுங்கம்மா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. "வரச் சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

விஷயத்தைக் கேட்ட மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "உங்களதையும் கேட்டீங்களா?"

அண்ணன் குழாயைப் பார்த்தார்.

"அப்ப விடுங்க."

"நீ வேற ஆள் சேர்த்துக்கோடா. ஊர்ல ஆளா இல்ல?"

"ஆள் இருக்கான். அவன் குரலை நம்பிப் பெட்டியை நகர்த்த எனக்குக் கை வரணுமே. ஒத்தையில லிஃப்டை வெச்சு என்ன பண்றது, ஏறி இறங்கி விளையாடலாம்." சொல்லிவிட்டு அவனே சிரித்துவைத்தான். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சிரித்த சிரிப்பு அது.

மறுநாள் காலை தாள்கள் போய்விட்டன. மனைவி கத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, தம்பி கொடுத்துவிட்டுப் போன கடைச் சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கடைக்காரம்மாகிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. என் தம்பியை அந்தப் பக்கம் அனுப்பாதீங்க."

கடைக்குச் சொந்தக்காரம்மா ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அவரோடு உள்ளே குனிந்து வந்தார். மச்சினன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தான். ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தான். மற்றச் சுவர்களுக்கு மாமா வரட்டும் என்று விட்டிருப்பான்.

"இடம் பிடிக்கலையா?"

"நல்ல இடம்மா."

"அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?"

அண்ணன் சாவியை நீட்டினார். அந்த அம்மா வாங்காமல் சுவரைக் காட்டினார். "அன்னிக்கே கேக்கணும்னு நினைச்சேன். இந்தச் சாமான் பலகையை ஏன் இவ்வளவு கீழ அடிச்சிருக்காரு உங்க ஆளு? சின்னப் பிள்ளைங்க யாராச்சும் வேலைக்கு வர்றாங்களா?"

போன வருஷம் ஒரு மோட்டாரைத் தூக்கும்போது அண்ணனின் வலது தோள் பிசகியது. அதற்குப் பிறகு கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. பலகை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கையை நீட்டிப் பார்த்தார். வலிக்காமல் எட்டியது.

"எனக்குத்தாம்மா அடிச்சிருக்கான்" என்றார்.

"கழட்டிட்டுப் போறீங்களா?"

"இருக்கட்டும்மா."

சாவியைப் பலகையின் மேல் வைத்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, வேலைக்கு நேரமாகிவிட்டதால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். இன்றைக்கும் மச்சினனோடுதான் வேலை. அவர் "இறக்கு" என்பார். அவன் இறக்குவான்.