நபுக்கேரா ஏன் முகம் சுளித்தாள்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிறந்தது. பெரிய சிந்தனை எதுவும் காரணம் இல்லை, நம்புங்கள். கம்பாலாவின் நடேட்டே சந்தைக்குப் பின்னால் இருக்கிற அழகு நிலையத்தில், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இரண்டு கால்களையும் போட்டுக்கொண்டு, சுட்ட வாழைக்காயைத் தின்றபடி உட்கார்ந்திருந்தேன். என் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்த லுபோவா, தலையை நிமிர்த்தாமலே, "நலோங்கோ, ஒரு விஷயம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான்.

(இரட்டைப் பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நலோங்கோ என்பார்கள். இரண்டு பேரைச் சுமந்தவள் ரகசியத்தையும் சுமப்பாள் என்று நினைப்பார்கள்போல.)

நான் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னான் என்று என் மனச்சாட்சிக்கு இருபது நாளாகச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். அது கேட்கிற மாதிரி இல்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "லுபோவாவின் விரல்கள் பெண்பிள்ளையின் விரல்களைப் போல..." (வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்: "கம்பாலாவில் பெண்களின் கால் நகத்தைத் திருத்திப் பிழைக்கும் ஆண்கள் பல ஆயிரம் பேர். ஏன் ஆண்கள் என்ற கேள்விக்கு..." (கட்டுரை. எனக்கே கொட்டாவி வருகிறது.)

மூன்றாவதாக, நடந்ததையே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் நகிபூக்கா அத்தை தன் அண்ணன் மகள் நபுக்கேராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சனிக்கிழமை, கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் நடக்கிற அறிமுகச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வருவார்கள். பெண் பாயில் மண்டியிட்டு ஒவ்வொரு பெரியவரையும் வரவேற்க வேண்டும். அதைப் பழக்கி, உடுத்தி, அழைத்து வந்து நிறுத்துவது அத்தையின் பொறுப்பு. பெண் சொதப்பினால் பேர் கெடுவது அத்தைக்குத்தான்.

"இவ காலைப் பாரு லுபோவா. மூணு நாளா நொண்டுறா. ஊரே பார்க்க மண்டி போட வேண்டியவ!"

"அத்தே, மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள் நபுக்கேரா.

"பார்க்கட்டும்! கூர் மூக்குச் செருப்பு வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியாடி?"

லுபோவா மடியில் துண்டை விரித்து வலது காலை எடுத்து வைத்தான். பெருவிரலின் ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. நகம் சதைக்குள் இறங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் இதே விரலின் நகத்தை வளைவாக வெட்டி வெள்ளைப் பூ வரைந்தது அவன்தான்.*

"செருப்புதான் காரணம்" என்றான்.

* கால் நகத்தை நேர்கோடாக வெட்ட வேண்டும். மூலையை உள்வாங்கி வளைத்தால் ஓரத்தில் முள் மாதிரி ஒரு துணுக்கு நின்றுவிடும். நகம் வளர வளர அது சதையைக் குத்திக்கொண்டு போகும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வளைவாக இருந்தால்தான் அழகு என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள், இவர்களும் வெட்டுகிறார்கள். உங்கள் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3

அரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தான். பிறகு மெல்லிய கம்பியால் நகத்தின் ஓரத்தைத் தூக்கினான்.

"வலிச்சா சொல்லு."

"வலிக்காதப்ப சொல்றேண்ணே. அதுதான் சுலபம்" என்றாள் நபுக்கேரா. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. எனக்கு அவளை இந்த இடத்தில்தான் பிடித்துப்போனது.

இடுக்கியால் பிடித்து இழுத்தான். துணுக்கு வந்தது. அதை வெளிச்சத்தில் பார்த்தான். முனை கூராக இருந்திருக்க வேண்டும், மொட்டையாக இருந்தது. ஒடிந்திருக்கிறது. பாதி உள்ளேயே நிற்கிறது.

இனி ஆழமாகப் போக வேண்டும். ரத்தம் வரும். மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் முறை. அங்கே மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், கட்டுப் போடுவார்கள். கட்டுப் போட்ட காலோடு மணப்பெண் வந்து நின்றால் ஏன், எதனால், யார் வெட்டியது என்று கேள்வி வரும்.

"என்ன, முடிஞ்சுதா?" சடங்குக்குத் தைக்கக் கொடுத்த கோமேசி உடுப்பைத் தையல்காரரிடம் வாங்கப் போகும் அவசரத்தில் அத்தை வாசலிலிருந்து கத்தினாள்.

"முடிஞ்சது அத்தே."

துணுக்கைப் பஞ்சில் சுருட்டிக் குப்பையில் போட்டான். நகத்துக்கு மூன்று பூச்சுச் சிவப்புச் சாயம் கொடுத்தான். அவன் வாழ்நாளில் அத்தனை அழகாக எந்த விரலையும் முடித்ததில்லை என்று அவனே சொன்னான்.

[இங்கே அவன் ஏன் பொய் சொன்னான் என்பதற்கு ஒரு பத்தி எழுதினேன். இளமையில் வறுமை, வாடகை, என்னென்னவோ. எல்லாம் நான் கட்டியது. நேரில் கேட்டபோது, "தெரியல நலோங்கோ. வாய் முந்திக்கிச்சு" என்றான். அதைவிட நல்ல காரணம் எனக்கும் கிடைக்கவில்லை.]

4

சனிக்கிழமை நான் அங்கே இல்லை. ஆனால் நடேட்டேயில் அதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது.

மண்டியிடும்போது வலியில்லை. எழும்போதுதான் பெருவிரல் தரையில் ஊன்றும். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒருமுறை, சித்தப்பாக்களுக்கு இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான்காவது முறை, மாப்பிள்ளையின் அத்தை முன்னால், முகம் சுளித்துவிட்டது.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாளாம். "என்னம்மா, எங்க முன்னாடி முட்டி மடக்கக் கசக்குதா?"

"கால்ல வலி அம்மா."

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். விரல் பளபளவென்று சிவப்பாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வீக்கத்தைக்கூடச் சாயத்தின் ஜொலிப்பு மறைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, நகிபூக்கா அத்தை வாயைத் திறந்தாள். "வலியா? அது வியாழக்கிழமையே சரியாயிடுச்சே! லுபோவா கை வச்சா அப்புறம் ஏது வலி?"

ஐயோ, அந்தப் பெண்ணின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பொறுக்கவில்லை. ஐந்தாவது முறை அவளால் முழுதாக மண்டியிட முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக உட்கார்ந்து வாழைக்காய் மசியலும் கோழியும் சாப்பிட்டார்கள். போகும்போது, அடுத்த மாதம் தேவாலயத்தில் வைத்திருந்த கல்யாணத்தை "மழை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திமிர் பிடித்தவள், வேண்டாவெறுப்பாக வந்தவள் என்று பேச்சு பரவியது.

பத்து நாள் கழித்து விரல் பழுத்து உடைந்து, மீதிப் பாதி தானாக வெளியே வந்தது. அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போய்க் காட்டுவது? விரல் ஆறிவிட்டது. பேச்சு ஆறவில்லை.

லுபோவா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேர் மீண்டுவிடும். சொன்னால் நடேட்டேயில் அவனிடம் காலை நீட்ட ஆள் இருக்காது. கதை இவ்வளவுதான். முடிவைத்தான் காணோம்.

5

முடிவு ஒன்று. லுபோவா மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக்குப் போகிறான். ஆண்கள் மண்டியிடுகிற வழக்கமில்லை, அவன் மண்டியிடுகிறான். கண்ணீர். மன்னிப்பு. (எழுதி முடித்து நானே மூக்கைச் சிந்தினேன். பிறகு கிழித்துப் போட்டேன். அவன் போகவே இல்லையே!)

முடிவு இரண்டு. மாப்பிள்ளை எல்லாரையும் உதறிவிட்டு வந்து, "உன் வலி எனக்குத் தெரியும்" என்று... (அந்தப் பையன் போனையே எடுப்பதில்லை என்று கேள்வி.)

முடிவு மூன்று. கல்யாணம் நின்றுபோகிறது. அவள் ஜன்னல் ஓரமாக (இல்லை. என் கதை கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவளை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைக்க மாட்டேன்.)

6

வேறு வழியில்லாமல் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு லுபோவாவிடமே போனேன். ஒரு காலைத் தொட்டியிலும் ஒரு காலை அவன் மடியிலும் வைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன். முதலில் முறைத்தான்.

"சொல்லாதீங்கன்னா, எழுதலாம்னு அர்த்தமா?"

"எல்லாப் பேரையும் மாத்திட்டேன்பா."

"பேரை மாத்தி? சந்தைக்குப் பின்னாடி சாயம் பூசுற ஆம்பளை எத்தனை பேரு? நானும் அந்தக் குரங்கு மூஞ்சிக் காத்தோவும்தான். அவன் பாவம், மாட்டிப்பான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவன் கேட்டான். "உங்க பத்திரிகையை அந்தப் பொண்ணோட அத்தை வாங்குறாங்களா?"

"வாராவாரம். கண்ணு சரியில்ல. யாராவது உரக்கப் படிச்சாத்தான் கேப்பாங்க."

"யார் படிப்பா?"

"நபுக்கேராதான்."

அவன் கை நின்றுவிட்டது. என் காலைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வாரம் குடுங்க நலோங்கோ. நானே போய்ச் சொல்றேன். சொன்ன அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்றேன். அப்புறம் போட்டுக்கோங்க" என்றான். சரி என்றேன்.

இன்று பதினோராவது நாள். போன் மணி அடிக்கிறது, ஆனால் பேசுவது ஆசிரியர். பக்கம் காலியாக நிற்கிறதாம். பத்திரிகை சனிக்கிழமை வெளிவரும். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கடைசி வார்த்தை சொல்கிறார்களாம். நேற்று அழகு நிலையத்தைக் கடந்து போனேன். லுபோவா யாருடைய காலையோ மடியில் வைத்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அது வெட்கமா, "இன்னும் ஒரு நாள்" என்ற கெஞ்சலா, எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கொடுத்த வாக்கு பெரிதா, அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை பெரிதா?

இது அச்சில் வந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: அவன் போன் செய்திருக்கிறான், அல்லது நான் காத்திருக்கவில்லை. எது என்று நான் எழுதப்போவதில்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொள்ளட்டும். இந்த முடிவு அவர்களுக்கும் உரியதில்லை.

நபுக்கேரா என்று நான் பேர் வைத்த பெண்ணே, இதை உன் அத்தைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாய். அது நீதான் என்று உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும், ஆனாலும் குரல் மாறாமல் படித்திருப்பாய். லுபோவா முன்பே வந்து சொல்லியிருந்தால் இந்நேரம் நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இப்போதுதான் தெரிகிறது என்றால், படிப்பதை நிறுத்து. உனக்கு வலித்தது. நீ நடிக்கவில்லை. அத்தை உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவனை என்ன செய்வது, என்னை என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தால் மண்டியிடுவதா வேண்டாமா, எல்லாவற்றையும் இனி நீ சொல்.