கண்ணளவு வயிறு

இன்னொரு சிட்டிகை போட்டால் இன்னும் இரண்டு நிமிடம் இருப்பான்.

இந்த நினைப்பிலேயே ஐந்து மாதம் ஓடிவிட்டது. கப்பலில் வேலை பார்க்கும் கணவன் சாயங்காலம் வீடியோவில் அழைப்பதே இந்த உப்புநீர்த் தொட்டியைப் பார்க்கத்தானோ என்று அவளுக்குத் தோன்றும். தீனி விழுந்ததும் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் முண்டியடித்து மேலே வரும், அவன் சிரிப்பான். அவை தின்று முடித்ததும், "சரி, வெச்சிடட்டுமா?" என்பான். அவள் அவசரமாக இன்னொரு சிட்டிகை போடுவாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதிலிருந்து, தனக்கு முதல் நரை விழுந்ததுவரை, காலையிலிருந்து சேர்த்துவைத்த பேச்செல்லாம் அவன் குரலைக் கேட்டதும் வெளியே வராது. மீன்கள்தான் அவளுக்காகப் பேசின.

தொட்டி பச்சையாகிவிட்டது. கல்லெல்லாம் முடி முளைத்ததுபோல் பாசி. பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். உப்பு கரைத்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாள். நான்கே நாளில் மறுபடி முளைத்தது. கல்யாணமான புதிதில் இருவரும் போய் வாங்கிய உயிருள்ள பவளம், சட்டைப் பொத்தான் அளவிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது, இப்போது பாசிக்குள் மூச்சுமுட்டிச் சுருங்கிக் கிடந்தது.

கடைசியில் மீன்தொட்டிக் கடைக்காரரை வரவழைத்தாள். அவர் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டவிட்டார். கெட்டுப்போன தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது.

"ஒரு நாளைக்கு எத்தனை வேளைம்மா போடுறீங்க?"

"ஒரு வேளைதான்."

"அப்ப இதுங்க தினம் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வருதுங்க போல."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மீனுக்கு வயிறு அதோட கண்ணு அளவுதாம்மா. மிச்சம் போடுறதெல்லாம் அடியில அழுகி, பாசிக்குத்தான் தீனி."

இரண்டு நாள் பட்டினி, அப்புறம் காலையில் மட்டும் ஒரு சிட்டிகை. இல்லாவிட்டால் பவளம் இந்த மாதம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவனிடமிருந்து பிடுங்கிய நிமிடங்களெல்லாம் கல்லில் வேர்விட்டு அசைவதுபோல் இருந்தது.

சாயங்காலம் அழைத்தான்.

"எங்க நம்ம பயலுக? கொஞ்சம் போடு, பாப்போம்."

"இன்னிக்குப் போடலைங்க."

"ஏன், டப்பா தீந்துடுச்சா?"

"இருக்கு."

"ஒரு சிட்டிகைல என்ன ஆயிடப்போவுது? போடேன்."

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. போடாவிட்டால் இதோ வைத்துவிடுவான். அவள் தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வேண்டாங்க," என்றாள்.

அவன் வைக்கவில்லை. திரையில் அவன் கண்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஒருமுறை அலைந்து, பிறகு அவள் முகத்தில் நின்றன. முதுகுக்குப் பின்னால், வெறும் நீரை மீன்கள் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.