டேக் ஹோம் எவ்வளவு?

திருவண்ணாமலையில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பௌர்ணமி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றாலே கொஞ்சம் பயம். கிரிவலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரே ஒரு நாளைக்கு ஓர் அறைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற காசு, முருகவேல் தருகிற மாத வாடகையில் பாதி. இது வீட்டுக்காரி பச்சையம்மாளின் புத்திக்கு எட்டுவதற்கு எட்டு வருஷம் பிடித்தது. அந்த அளவுக்கு நல்ல மனுஷி.

"உன்னைப் போன்னு சொல்ல எனக்கு மனசே வரலப்பா" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள். "அடுத்த மாசத்துலேர்ந்து பத்தாயிரம் குடுத்தா இரு. முடியலன்னா இப்பவே சொல்லிடு. ரெண்டு ரூமா தடுத்து வர்றவங்களுக்கு விட்டுடறேன்."

அதுவரை வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. முருகவேல் செங்கம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் மெக்கானிக், சம்பளம் பதினெட்டாயிரம். மனைவி தனம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒன்பதாயிரம் வாங்குகிறாள். மகள் கவிநிலா இரண்டாம் வகுப்பு. அவள் இப்போதைக்கு செலவு மட்டும்தான் செய்கிறாள்.

முருகவேல் முதலில் முதலாளி குணபாலனிடம் கேட்டுப் பார்த்தான். "இந்த ஷெட்டுக்கே வாடகைய ஏத்திட்டாங்கப்பா. ரெண்டாயிரம் ஜாஸ்தி தரேன், அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் அவர். பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரிடம் முருகவேல் கண்ட ஒரே குறை, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டிய ஜைனர் என்பதுதான். ஐந்தரைக்கெல்லாம் ஷட்டர் இறங்கிவிடும். ஓவர்டைம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து ஒரு ஷோரூமில் விசாரித்தான். பி.எஃப். உண்டு, பெயர் தைத்த சட்டை உண்டு, சம்பளம் பதினாறு. குணபாலன் ஏற்றித் தருவதாகச் சொன்னதோடு சேர்த்தால் இங்கே இருபது. பெயர் தைத்த சட்டைக்காக நாலாயிரத்தை விடுகிற அளவுக்கு அவனுக்குச் சட்டை மேல் ஆசை கிடையாது.

மிச்சமிருந்தது பெங்களூர். அங்கே ஒரு பெரிய கார் ஒர்க்‌ஷாப்புக்குத் தனம்தான் போனில் விண்ணப்பம் போட்டாள். மறுநாளே வீடியோ காலில் இன்டர்வியூ என்று பதில் வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரம். தனம் கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தாள். சத்தம் கேட்காமலிருக்க, கிளட்ச் மாற்றக் காத்திருந்த ஒரு காருக்குள் இருவரும் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஏ.சி. வேலை செய்யவில்லை. அதையும் அவன்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

திரையில் வந்த பெண் தன் பெயர் சந்தனா என்றாள். நல்ல தமிழ். இன்ஜினைப் பற்றி, ஸ்கேனரைப் பற்றி, ஹைபிரிட் வண்டியைப் பற்றி வரிசையாகக் கேட்டாள். வேர்த்து ஊற்றினாலும் முருகவேல் ஒன்றையும் விடாமல் பதில் சொன்னான். தனத்துக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சரி, டேக் ஹோம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்றாள் சந்தனா.

பரவாயில்லையே, வீட்டுக்குப் போவதைக்கூட முதலிலேயே கேட்கிறார்களே என்று அவனுக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதை வந்தது. அதிகமாகக் கேட்டால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்கள்.

"மாசத்துக்கு மூணு நாள் போதுங்க மேடம்" என்றான். "பௌர்ணமிக்கு மட்டும் கண்டிப்பா வரணும்."

தனம் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சந்தனா சிரித்து முடித்துவிட்டு, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருகிற சம்பளத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினாள். இருபத்தெட்டாயிரம் வரும், யோசித்து வியாழக்கிழமை சொல்லுங்கள் என்றாள்.

"மேடம், அங்க வீட்டு வாடகை எப்படி?" என்று தனம் தலையை நீட்டினாள்.

"ஒர்க்‌ஷாப் பக்கத்துலன்னா பதினாறு, பதினேழு. ஆறு மாச அட்வான்ஸ். அதனால நிறைய பேரு குடும்பத்த ஊர்லயே விட்டுட்டு பி.ஜி. ஹாஸ்டல்ல தங்கறாங்க."

போனை வைத்ததும் குணபாலன் கண்ணாடியைத் தட்டினார். "என்னப்பா, கிளட்ச்ச உள்ள உக்காந்துகினே மாத்தறியா?"

அன்று சாயங்காலம் தனம் இந்தக் கதையைப் பச்சையம்மாளிடம் சொன்னாள், எதிர்வீட்டில் சொன்னாள், கவிநிலாவிடமும் நடித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, மூணு நாளுன்னு எப்படி சட்டுனு வாயில வந்துச்சு?"

"ஜாஸ்தி கேட்டா குடுப்பாங்களா?"

"அவங்க குடுக்கறது இருக்கட்டும். உங்களுக்கு மூணு போதுமா?"

அவன் வாசலைப் பார்த்தான். மணி ஆறு. இன்னும் வெயில் இருந்தது. கவிநிலா வாசலில் நின்ற பைக்கின் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்று அழைத்துப் போகச் சொல்லி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள். தினமும் நடக்கிற வம்பு இது. இதை விட்டுப் போக அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை. சம்பளம், வாடகை, அட்வான்ஸ் என்று எல்லாக் கணக்கும் போட்டவர்கள் இதை மட்டும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"போதாது" என்றான்.

தனம் இந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவள் மாதிரி மளமளவென்று பேசினாள். "எங்க கடையில வேலை செய்யற மணிமொழிக்கு ஊரு கீழ்பென்னாத்தூரு. அவங்க தெருவுல நாலாயிரத்துக்கு ஒரு வீடு இருக்குதாம். ஸ்கூலு நடந்து போற தூரம். எனக்கு பஸ் இருக்குது, உங்களுக்கு பைக் இருக்குது. அஞ்சரைக்கு ஷட்டர எறக்கற முதலாளி பெங்களூர்ல கெடைப்பாரா? செங்கம் ரோட்டுலேர்ந்து பொறப்பட்டாலும் இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்."

ஐந்தரை மணி ஷட்டரை இத்தனை வருஷமும் குறை என்றே நினைத்திருந்தோமே என்று முருகவேலுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை சந்தனாவே கூப்பிட்டாள். "யோசிச்சீங்களா? டேக் ஹோம் எவ்வளவுன்னு முடிவா சொல்லிடுங்க."

"முப்பதுங்க மேடம்."

"முப்பது கஷ்டம். இருபத்தொன்பது வரைக்கும் மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"கம்மி பண்ண முடியாதுங்க மேடம். முப்பது நாளு. சில மாசம் முப்பத்தொண்ணு."

சொன்ன பிறகுதான், கோபித்துக்கொள்வாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்கும் ஊரு ஆரணிப் பக்கம்தாங்க" என்றாள் சந்தனா. "எனக்கு மாசம் ரெண்டு நாளுதான் வருது."